ஆயுத பூஜையன்று நான் கட்டிய பை

ஒருத்தியின் வேலையை நான் பறித்தேன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் மாஸ்க்கை வைத்துப் பறித்தேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நடுங்கவில்லை. இந்த வயதிலும் ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது. பாவம் செய்தவர்களுக்குத் தூக்கம் வராது என்று யாரோ சொல்லி வைத்தார்கள். நான் பத்து மணிக்குப் படுத்தால் காலை ஐந்தரைக்குத்தான் எழுந்திருக்கிறேன்.

அரசாங்க மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் தாதியாக இருந்துவிட்டு, கிள்ளானில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். எல்லோருக்கும் நான் மிஸி. தாதிகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை, நானும் அதை விடவில்லை. முதலாளி ஒரு காலத்தில் லோரி ஓட்டியவர். அவருடைய அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில். வண்டிகளும் நாங்களும் கிள்ளானில். அவருக்கு மருத்துவம் தெரியாது. எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

எந்த நோயாளிக்கு எதை எடுத்துப் போவது என்பதை அங்கே நான்தான் முடிவு செய்வேன். மூச்சு கொஞ்சம் வாங்கினால் மூக்கில் மாட்டும் குழாய். அதிகம் வாங்கினால் பை தொங்கும் மாஸ்க். மூச்சே நின்றுபோனால் கையால் அழுத்தி ஊதும் காற்றுப்பை. அந்தக் காற்றுப்பையின் முனையில் ஒரு மாஸ்க் மாட்ட வேண்டும், அது முகத்துக்கு முகம் அளவு மாறும். மூக்குத் தண்டின் மேலிருந்து உதட்டுக்குக் கீழே வரை சரியாக உட்கார வேண்டும். பெரிதாக இருந்தால் கண்ணை அழுத்தும். சிறிதாக இருந்தால் காற்று கன்னத்தின் ஓரமாக ஓடிவிடும், நெஞ்சுக்குள் போகாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை நான் ஒப்பிப்பேன்.

அவள் எங்களிடம் சேர்ந்தது அந்த வருடம் ஏப்ரலில். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஷா ஆலமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, புருஷன் இறந்த பிறகு சேமிப்பைச் செலவழித்து ஆம்புலன்ஸ் உதவியாளர் கோர்ஸ் படித்து வந்திருந்தாள். செமினியிலிருந்து தினமும் மோட்டோர் சைக்கிளில் வருவாள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். அந்தக் கடிதத்துக்காகத்தான் அவள் மழையிலும் வெயிலிலும் அவ்வளவு தூரம் வந்தாள். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, எல்லோரிடமும் சொல்லுவாள். நான் அவளைச் செமினிக்காரி என்றுதான் சொல்வேன். அவள் இருக்கும்போதும் அப்படித்தான்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பையில் எந்த மாஸ்க்கை வைப்பதானாலும் முதலில் தன் முகத்தில் வைத்துப் பார்ப்பாள். விளிம்பை விரலால் அழுத்துவாள், அதன் துளையை உள்ளங்கையால் மூடி ஊதுவாள், எங்கே காற்று கசிகிறது என்று கன்னத்தைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகுதான் பைக்குள் வைப்பாள். தொழிற்சாலையில் ஒவ்வொரு கையுறையிலும் ஊசித்துளை இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கும் பிரிவில் இருந்தவள். பத்து நிமிடத்தில் கட்ட வேண்டிய பைக்கு அவளுக்கு அரை மணி நேரம் ஆகும்.

எனக்கு அது ஆகவே ஆகாது. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் நேரம் வீணாகிறது என்று சொல்லியிருப்பேன். உண்மை வேறு. இருபத்தாறு வருட அனுபவக்காரி நான் கட்டி வைத்த பையையும் அவள் திறந்து ஊதிப் பார்த்தாள். ஒரு தடவை ஒரு விளிம்பில் கீறலைக் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள், அதுவும் மரியாதையாக, இரண்டு கையாலும். அன்றிலிருந்து அவள் எனக்குக் கண்ணில் விழுந்த தூசி.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் அது பெரிய நாள். லோரிக்காரராக இருந்த காலத்திலிருந்தே முதலாளிக்கு அதில் அப்படி ஒரு பிடிப்பு. வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கி வெளியே எடுத்தால்தான் அவருக்கு அந்த வருடம் ஓடும். அந்தத் தடவை அவருக்கு முன்னால் பேர் வாங்க வேண்டும் என்று நானும் ஒரு யோசனை செய்தேன். வண்டிக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, நம்முடைய ஆயுதம் பைக்குள் அல்லவா இருக்கிறது என்றேன். புதிய அவசரப் பையைப் பிரித்து, சரஸ்வதி படத்துக்கு முன் வாழை இலை விரித்து, மாஸ்க்குகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கினேன். நாக்கு மடிந்து தொண்டையை அடைக்காமல் இருக்க வாய்க்குள் வைக்கும் வளைந்த குழாய்கள் அளவுக்கொரு நிறத்தில் இருக்கும், அவற்றைப் பூக்கோலம் போல வட்டமாக வைத்தேன். ஆக்சிஜன் தோங்குக்கு, அந்த இரும்பு உருளைக்கு, சாமந்தி மாலை. முதலாளி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

அவள்தான் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "மிஸி, புது பேக்க பூஜைக்கு வைக்க வேணாம் லா. பழச வச்சிருவோம். கேஸ் வந்தா என்ன பண்றது?"

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது என்பது வழக்கம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு வண்டியை மட்டும் வெளியே நிறுத்தி, அதற்கு ஒரு மாற்றுப் பை கட்டலாம் என்று திட்டம். நான் அதைச் சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். குருக்களும் முதலாளியும் ஓட்டுநர்களும் நிற்கும்போது, சத்தமாகவே கேட்டேன்: "கையுறை ஃபேக்டரியில சாமிகிட்டயும் ஓட்டை பார்த்துக்கிட்டுதான் இருந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். குருக்கள்கூடச் சிரித்தார். அவள் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மாற்றுப் பையை நான்தான் கட்டினேன். பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது, பட்டுப்புடவை வேறு. ஸ்டோர் அலமாரியின் கீழ்த் தட்டில் மிச்சம் மீதி இருந்ததை எல்லாம் எடுத்துப் போட்டேன். காற்றுப்பை, மூக்குக் குழாய், ஒரு சின்ன ஆக்சிஜன் தோங், ஒரு மாஸ்க். பெரியவர்களுக்கான மாஸ்க்குகள் அத்தனையும் வாழை இலையில் இருந்தன என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. உறையோடு இருந்தால் எல்லா மாஸ்க்கும் ஒன்று போலத்தான் இருக்கும். மேலே இருக்கும் அளவு எண்ணைப் படிக்க வேண்டும், நான் படிக்கவில்லை. ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. கிள்ளானிலேயே ஒரு வீடு. அறுபத்தைந்து வயது மனிதர், நாள்பட்ட நுரையீரல் நோய், வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர். மூச்சு மோசமாகிவிட்டது, சுபாங் ஜெயாவில் அவரைப் பார்க்கும் மருத்துவரிடமே கொண்டுபோக வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். வண்டியில் ஓட்டுநரும் அவளும் போக வேண்டும். புறப்படுமுன் பையைச் சரிபார்த்துச் செக்லிஸ்ட்டில் கையெழுத்துப் போடுவது போகிறவரின் பொறுப்பு. அவள் வண்டியின் படியில் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தாள்.

நான் வாயில் வெற்றிலையோடு அங்கே நின்றிருந்தேன். குனிந்து, அவள் கைமேலேயே ஜிப்பை இழுத்து மூடினேன். "நான் கட்டுன பேக்கையே செக் பண்றியா நீ? அங்க ஆளு மூச்சு விட முடியாம கிடக்குது."

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். இன்னும் மூன்று வாரத்தில் அவளுடைய ஆறு மாதம் முடிகிறது. அந்தக் கடிதத்துக்கு என் சிபாரிசு வேண்டும். அது அவள் கண்ணில் எனக்கு நன்றாகவே தெரிந்தது. கையெழுத்துப் போட்டாள்.

வண்டிக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஓட்டுநர் சொன்னதும், அதே வண்டியில் கூடவே ஏறிய அந்த மனிதரின் மனைவி பிறகு சொன்னதும்தான் எனக்குத் தெரியும். நல்ல மழை. ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் நகரவில்லை. பாதி வழியில் அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. அவள் காற்றுப்பையை எடுத்து மாஸ்க்கை மாட்டி அவர் முகத்தில் வைத்தபோது, அது மூக்கையும் பாதி வாயையும்தான் மூடியது. பெரிய முகம், பல்செட்டைக் கழற்றியதால் கன்னம் வேறு ஒட்டிப்போயிருந்தது. எப்படிப் பிடித்தாலும் காற்று ஓரத்தில் சீறியதே தவிர நெஞ்சு எழவில்லை. அது ஐந்து வயதுப் பிள்ளைக்கு வைக்கிற மாஸ்க். பையைக் கவிழ்த்துத் தேடினாள், வேறு இல்லை.

அவள் மாஸ்க்கைத் தூக்கி எறிந்துவிட்டு, மூக்குக் குழாயை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். தோங்கைத் திறந்துவிட்டாள். குனிந்து, அந்த மனிதரின் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். சளியும் எச்சிலும் வழிந்த வாய். துடைத்துத் துடைத்து ஊதினாள். மருத்துவமனை வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை. அங்கே இறக்கும்போது அவருக்கு நாடி இருந்தது.

மாலை ஆறரைக்கு வண்டி திரும்பியது. அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். உதடு வீங்கி, ஓரம் வெடித்திருந்தது. அந்தச் சின்ன மாஸ்க்கை என் முன்னால் வைத்து, "மிஸி, இது பிள்ளைங்க மாஸ்க்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கீறலைக் கொண்டுவந்து காட்டிய அன்று பேசிய அதே குரல்.

எனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், காலைப் பிடித்திருப்பாள். எனக்கு வந்தது ஒரே ஒரு கேள்வி.

"செக்லிஸ்ட்ல சைன் பண்ணது யாரு?"

அத்தோடு முடிந்திருந்தால்கூட, கோபத்தில் சொன்னது, பதற்றத்தில் சொன்னது என்று இன்றைக்கு நான் சாக்குச் சொல்லலாம். ஆனால் எனக்கு இரண்டு முழு நாள் கிடைத்தது. நோயாளியின் மருமகன் முதலாளிக்குப் போன் செய்து புகார் சொல்லியிருந்தார். மாஸ்க்கைப் பற்றி அல்ல, அது அவருக்குத் தெரியாது. மாமனாருக்கு மூச்சு நின்று கிடக்கும்போது உங்கள் பொம்பளை அவருடைய ஆக்சிஜனைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாளாம், என் மாமியார் கண்ணால் பார்த்திருக்கிறார் என்பதுதான் புகார். முதலாளி எங்கள் இருவரையும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரச் சொன்னார்.

அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். நாம் வெளியே விடும் மூச்சில் ஆக்சிஜன் குறைந்துதான் இருக்கும். ஊதுகிறவள் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு ஊதினால், அந்த மனிதரின் நெஞ்சுக்குள் போவதும் கூடுதல் ஆக்சிஜனுள்ள காற்று. கையில் ஒன்றுமே இல்லாதபோது இருப்பதை வைத்து அதைவிட நல்ல தேர்வு இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் அதை ஒரே ஒருவர் செய்து பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை ஒரு நாள் தே தாரிக் குடித்துக்கொண்டு, என் பெருமைக்காக, எல்லோரிடமும் அளந்திருக்கிறேன். கேட்டவர்களில் அதை மனதில் வைத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியில் ஏர்கோன் சத்தமாக ஓடியது. கீழேயிருந்து சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தது, எனக்குப் பசித்தது. முதலாளி செக்லிஸ்ட்டை எடுத்து அவள் கையெழுத்தைக் காட்டினார். அவள், ஆமாம், என்னுடையதுதான் என்றாள். மிஸி பையை மூடிவிட்டார் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. பிறகு முதலாளி என் பக்கம் திரும்பி, நோயாளிக்குரிய ஆக்சிஜனை நம் ஆள் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். அவள் சொன்னால் எடுபடாது.

"நான் அப்படிச் சொல்லிக் குடுக்கல போஸ்" என்றேன்.

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "மிஸி, டீ குடிக்கும்போது நீங்கதான் சொன்னீங்க."

"டீ குடிக்கும்போது நூறு கதை சொல்வேன்" என்று சொல்லிச் சிரித்தேன். முதலாளியும் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பூசணிக்காய் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தால் போதும்.

நிரந்தரக் கடிதத்துக்குப் பதிலாக அவளுக்கு வேறு கடிதம் கொடுத்தார்கள். அதில் இருந்த வரிகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான். மறு வாரம் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். இரண்டு செட், துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பையில். நான் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, ஒரு சட்டையில் ஒரு பட்டன் இல்லை என்று பாரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அந்தப் பட்டன் எந்த வண்டியில், எந்த மழையில் தெறித்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு ஆம்புலன்ஸ் கம்பெனிகள் எனக்குப் போன் செய்து அவளைப் பற்றிக் கேட்டபோதும் செக்லிஸ்ட்டைப் பற்றி மட்டும் சொன்னேன், குரலில் கொஞ்சம் இரக்கம் சேர்த்து. அவள் மறுபடி கையுறைத் தொழிற்சாலைக்கே போய்விட்டாள் என்று ஓட்டுநர் சொன்னார்.

அந்த மனிதர் மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்தார். கண் விழித்தார், பேசினார், பிறகு போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் அவர் மனைவி எங்கள் இடத்துக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். மருமகனின் காரிலிருந்து அந்த ஆக்சிஜன் இயந்திரத்தை இறக்கி, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு அவரே உள்ளே கொண்டுவந்தார். நன்றாகத் துடைத்து, வயரைச் சுருட்டி ரப்பர் பட்டை போட்டிருந்தார். அன்றைக்கு வண்டியில் வந்த அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார்.

வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வண்டியில் தான் அவளைத் திட்டியதையும், அந்தக் குழாயைப் பிடுங்கப் போனதையும், அவள் கையில் அடித்ததையும் சொன்னார். அவள் ஒரு கையால் இவரைத் தடுத்துக்கொண்டே ஊதிக்கொண்டிருந்தாளாம். பிறகு மருத்துவமனையில் டாக்டரிடம் கேட்டிருக்கிறார்.

"சரியாத்தான் செஞ்சிருக்காங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு மிஸி. அந்தப் பன்னெண்டு நாள் அவங்க குடுத்தது. எம் மகன் சிட்னியிலேர்ந்து வந்து அப்பாகிட்ட பேசுனான். நான் அவங்க கையைப் பிடிச்சி ஒரு வார்த்தை சொல்லணும். நம்பர் இருந்தா குடுங்க."

நம்பர் என் கைபேசியில் இருந்தது. கைபேசி மேசைமேல், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. இந்த அம்மா அவளிடம் பேசினால், அவள் நடந்ததைச் சொன்னால், மருமகன் முதலாளிக்கு மறுபடி போன் செய்தால் என்று ஒரு நொடியில் எல்லாக் கணக்கும் போட்டேன். நம்பர் இல்லை என்றேன். நம்பரை மாற்றிவிட்டாள் போலிருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் எழுந்து இயந்திரத்தின் மேல் கையை வைத்தார். அந்தப் பெண் எப்போதாவது வந்தால் சொல்லுங்கள், இதை அவர் பேரில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் யாருக்காவது கொடுங்கள் என்றார். சரி என்றேன். போகும்போது என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை வந்து போய்விட்டது. பையைப் பூஜைக்கு வைப்பதை நிறுத்திவிட்டேன். அந்த ஆக்சிஜன் இயந்திரத்துக்குத்தான் பொட்டு வைக்கிறோம். பையை இப்போது நானே கட்டுகிறேன். ஒவ்வொரு மாஸ்க்கையும் என் முகத்தில் வைத்து, விளிம்பை அழுத்தி, உள்ளங்கையால் மூடி ஊதிப் பார்த்த பிறகுதான் உள்ளே வைக்கிறேன். அரை மணி நேரம் ஆகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அதையேதான் கற்றுக்கொடுக்கிறேன். அவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். போன மாதம் முதலாளி வந்தபோது, ஒருத்தி மாஸ்க்கை முகத்தில் வைத்து ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார்.

"இது மிஸி ஸ்டைல் போஸ்" என்றாள் அந்தப் புதுப் பெண்.

முதலாளி என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். நான் மறுக்கவில்லை.